இன்ஜின் மாற்றிய பின் சென்சார் வயரிங் தொல்லைகள்: கேள்வி பதில்

வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் "எந்த சென்சாரை மாற்றட்டும்?" என்றுதான் முடிகின்றன. மல்டிமீட்டர் வைத்து அளக்கும்வரை எதையும் மாற்றாதீர்கள். இது எல்லோருக்கும் பொதுவான பதில். மற்றவை கீழே.

கேள்வி: இன்ஜின் மாற்றிய முதல் நாளே த்ராட்டில் பொசிஷன் சென்சார் (த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்வது), மேப் சென்சார் (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) இரண்டுக்கும் பிழைக்குறி வந்தது. இரண்டையும் புதிதாக வாங்கிப் போட்டேன். அதே குறிகள் மறுபடியும் வருகின்றன. இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) போய்விட்டதா?

இசியூவை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். இரண்டு சென்சார்கள் சொல்லி வைத்தாற்போல ஒரே நாளில் சாகாது. இரண்டுக்கும் பொதுவானது எது என்று பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் அது இசியூ கொடுக்கும் 5 வோல்ட் லைன். அந்த லைனில் தொங்கும் எந்த சென்சார் ஷார்ட் ஆனாலும் மற்றவையும் சேர்ந்து படுத்துவிடும்.

சாவியை ஆன் செய்து, த்ராட்டில் சென்சார் கனெக்டரில் 5 வோல்ட் பின்னை அளந்து பாருங்கள். பூஜ்யமோ ஒரு வோல்ட்டோ காட்டினால், மீட்டரை அங்கேயே வைத்துக்கொண்டு மற்ற சென்சார்களின் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்பி வருகிறதோ, அதுதான் குற்றவாளி. ஏர் கண்டிஷனரின் பிரஷர் சென்சாரை மறந்துவிடாதீர்கள். பல வண்டிகளில் அதுவும் இதே லைனில்தான் இருக்கிறது. யாரும் அதைச் சந்தேகப்படுவதில்லை. எல்லாவற்றையும் கழற்றியும் வோல்ட் வரவில்லையென்றால், பெரும்பாலும் ஒயர் எங்கோ உரசி பாடியைத் தொடுகிறது. கியர்பாக்ஸ் மேல்பகுதி, இன்ஜின் பிராக்கெட்டுகளின் விளிம்பு ஆகிய இடங்களை முதலில் பாருங்கள். அதே பின்னில் 12 வோல்ட் வந்தால் கனெக்டரில் ஏதோ ஒரு ஒயர் இடம் மாறியிருக்கிறது. உடனே சாவியை ஆஃப் செய்யுங்கள்.

5 வோல்ட் சரியாக இருந்தால் சிக்னல் ஒயருக்குப் போகலாம். த்ராட்டில் மூடியிருக்கும்போது சுமார் 0.5 வோல்ட், முழுதாகத் திறந்தால் 4.5 வோல்ட்டை ஒட்டி, நடுவில் எங்கும் குதிக்காமல் ஏற வேண்டும். சிக்னல் எப்போதும் 5 வோல்ட் பக்கமே நின்றால் சென்சாருக்கான கிரவுண்ட் ஒயர் (மின்சாரம் திரும்பிப் போகும் ஒயர்) அறுந்திருக்க வாய்ப்பு அதிகம்.

கேள்வி: ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, ஸ்பார்க் இல்லை. ஸ்கேனரில் ஆர்பிஎம் பூஜ்யம். கிராங்க் சென்சார் (இன்ஜின் சுற்றுவதை இசியூவுக்குச் சொல்வது) புதியது அண்ணா.

புதியதுதான், ஆனால் உங்கள் இசியூ எதிர்பார்க்கும் வகைதானா? கிராங்க் சென்சாரில் இரண்டு சாதிகள். இரண்டு ஒயர் உள்ளது பெரும்பாலும் காயில் வகை. பல் சக்கரம் கடக்கும்போது தானே மின்சாரம் உண்டாக்கும். மூன்று ஒயர் உள்ளது பெரும்பாலும் ஹால் வகை (காந்தப்புலத்தை உணர்வது). அதற்கு சப்ளை, கிரவுண்ட் இரண்டும் கொடுத்தால்தான் வேலை செய்யும். சில காயில் சென்சார்களிலும் மூன்றாவது ஒயர் இருக்கும், அது ஷீல்டு (வெளி மின் இரைச்சலைத் தடுக்கும் உறை). எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம்.

காயில் வகையென்றால் கழற்றி ஓம் பாருங்கள். சில நூறிலிருந்து ஆயிரம் சொச்சம்வரை வரும். பிறகு மீட்டரை ஏசி (மாறுதிசை) வோல்ட்டில் வைத்து கிராங்க் செய்தால், அதாவது ஸ்டார்ட்டரால் சுற்றினால், ஏதாவது வோல்ட் எழ வேண்டும். ஹால் வகையை ஓம் வைத்துப் பார்க்காதீர்கள், அதில் ஒன்றும் தெரியாது. சப்ளை கொடுத்து, இன்ஜினைக் கையால் மெதுவாகச் சுழற்றி, சிக்னல் மேலும் கீழும் மாறுகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று. காயில் சென்சாரின் இரண்டு ஒயர்களும் தலைகீழாக மாறியிருந்தால் சில இன்ஜின்கள் ஸ்டார்ட் ஆகும், ஆனால் ஆர்பிஎம் ஏற ஏறத் தடுமாறும். ஒயர்களை மாற்றிப் போட்டதும் சரியாகும். அதன் ஷீல்டை ஒரு முனையில் மட்டும், இசியூ பக்கம், கிரவுண்ட் செய்யுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் ஆர்பிஎம் வரவில்லையா? பல் சக்கரத்தை எண்ணிப் பாருங்கள். 60-2 பற்களை (60 பல் இடத்தில் 2 இல்லாதது) எதிர்பார்க்கும் இசியூவுக்கு 36-1 சக்கரம் புரியாது. அதை வயரிங் செய்து சரிசெய்ய முடியாது.

கேள்வி: ஸ்கேனரில் கூலன்ட் 90 டிகிரி. டேஷ்போர்டு முள் அசையவே இல்லை.

பழைய வண்டிகளில் முள்ளுக்கு ஒரு சென்டர் (முள்ளை மட்டும் அசைக்கும் சென்சார்) தனி, இசியூவுக்கு ஒரு சென்சார் தனி. பழைய இன்ஜினில் இருந்த ஒற்றை ஒயர் சென்டரைப் புதிய இன்ஜினில் பொருத்துங்கள். மரை பொருந்தாவிட்டால் அடாப்டர் போடலாம்.

கேள்வி: ஸ்கேனர் கூலன்ட் -40 டிகிரி என்கிறது சார்.

லைன் எங்கோ திறந்திருக்கிறது, அதாவது மின் இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. சென்சாரைக் கழற்றி, கனெக்டரின் இரண்டு பின்களையும் ஒரு சின்ன ஒயரால் இணையுங்கள். காட்சி ஒரேயடியாக உச்ச வெப்பத்துக்குத் தாவினால் ஒயர் நன்றாக இருக்கிறது, சென்சார்தான் பழுது.

கேள்வி: ஃபேன் ஓடும்போதும் ஹெட்லைட் போடும்போதும் எல்லா சென்சார் அளவும் சேர்ந்து ஆடுகிறது. சென்சார் கிரவுண்டை பாடியில் போல்ட் போட்டுவிடலாமா?

வேண்டாம். சென்சார் கிரவுண்ட் இசியூவுக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். ஃபேனும் ஸ்டார்ட்டரும் இழுக்கும் கரண்ட் ஓடும் பாதையில் அதைக் கோர்த்தால், அந்த ஆட்டம் அத்தனையும் சிக்னலில் ஏறும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஏற்கெனவே யாரோ அப்படித்தான் கோர்த்திருக்கிறார்கள், அல்லது இன்ஜினின் கிரவுண்ட் பட்டை சரியில்லை.

மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் போஸ்ட்டிலும் மறு முனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து கிராங்க் செய்யுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் போனால் பட்டையையும் அதன் முனைகளையும் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். பெயின்ட் மேல் போட்ட போல்ட் கிரவுண்ட் ஆகாது.

என் முதல் இன்ஜின் மாற்றத்தில் அந்தப் பட்டையைத் திரும்பப் போடவே மறந்துவிட்டேன். வண்டி ஸ்டார்ட் ஆனது! ஸ்டார்ட்டர் கரண்ட் கிளட்ச் கேபிள் வழியாகத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. கேபிள் உறையிலிருந்து புகை வந்த பிறகுதான் தெரிந்தது.

கேள்வி: ஆக்சிஜன் சென்சார் ஒயரை வெட்டி சால்டர் செய்து நீட்டலாமா?

கூடாது. பல ஆக்சிஜன் சென்சார்களுக்கு ஒப்பிட வேண்டிய வெளிக்காற்று ஒயர் இழைகளுக்கு இடையில்தான் உள்ளே போகிறது. சால்டர் அந்த வழியை அடைத்துவிடும். சென்சார் பக்கம் கை வைக்காமல் ஹார்னஸ் (வண்டியின் ஒயர் கட்டு) பக்க ஒயரை நீட்டி, கிரிம்ப் செய்யுங்கள் (சால்டர் இல்லாமல் உலோக இணைப்பியை அழுத்தி இணைப்பது). ஒரே நிறத்தில் இரண்டு ஒயர் இருந்தால் பெரும்பாலும் அவை சென்சாரைச் சூடாக்கும் ஹீட்டருக்கானவை.

கேள்வி: பழைய ஹார்னஸிலும் புதியதிலும் ஒரே நிற ஒயர்களை ஒன்றோடொன்று சேர்த்தால் போதாதா?

போதாது. அதே கம்பெனி வண்டியாக இருந்தாலும் ஆண்டு மாறினால் நிறம் மாறலாம். இரண்டு இசியூவின் பின் வரைபடத்தையும் எடுத்து வைத்து, பின் எண்ணை மட்டும் நம்புங்கள்.

கேள்வி: ஸ்டார்ட் ஆகி இரண்டே நொடியில் நின்றுவிடுகிறது. ஒவ்வொரு முறையும் அப்படியே. எந்த சென்சார்?

சென்சாராக இருக்காது. முதலில் இமொபிலைசரை (சரியான சாவி இல்லாமல் இன்ஜினை ஓட விடாத திருட்டுத் தடுப்பு) சந்தேகப்படுங்கள். இன்ஜினோடு வந்த இசியூவுக்கு உங்கள் சாவியைத் தெரியாது. டேஷ்போர்டில் சாவி விளக்கு மின்னுகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: குளிரில் நன்றாக ஓடுகிறது. அரைமணி நேரம் ஓடிச் சூடானதும் நின்றுவிடுகிறது. ஆறியதும் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. கிராங்க் சென்சார் கனெக்டரை ஏற்கெனவே ஆட்டிப் பார்த்துவிட்டேன்.

நின்ற நேரத்தில் பிடித்தால்தான் தெரியும். ஸ்கேனரை மாட்டியே வண்டியை ஓட்டுங்கள். நின்றவுடன் ஆற விடாமல் கிராங்க் செய்து ஆர்பிஎம் வருகிறதா என்று பாருங்கள். பூஜ்யம் என்றால், கிராங்க் சென்சார் மேல் மட்டும் ஈரத் துணியை வைத்து ஆறவிட்டு மறுபடி முயலுங்கள். உடனே ஸ்டார்ட் ஆனால் சென்சார். ஆகவில்லையென்றால் ஹார்னஸ் எக்ஸாஸ்ட் பக்கமாக எங்கே போகிறது என்று தேடுங்கள். ஆர்பிஎம் ஒழுங்காக வந்தால் கிராங்க் சென்சாரை விட்டுவிட்டு, அப்போதே ஃபியூல் பிரஷரும் மெயின் ரிலேயும் பார்க்க வேண்டும். எது வந்தது என்று எழுதுங்கள், அங்கிருந்து தொடரலாம்.