ஓடும்போதே நின்றுபோகும் எஞ்சின்: ஈசிஎம்முக்குப் பணம் கொடுக்குமுன்

கேள்வி: என்னுடையது 2013 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 92,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஒரே மாதத்தில் மூன்று முறை, விழுப்புரத்திலிருந்து சென்னைக்கு மதிய வெயிலில் வரும்போது, ஒரு மணி நேரம் ஓடியபின் எஞ்சின் சட்டென்று நின்றுவிட்டது. கால் மணி நேரம் கழித்துச் சாவி போட்டால் உடனே கிளம்புகிறது. சர்வீஸ் சென்டரில் பார்த்துவிட்டுக் கோளாறு எதுவும் இல்லை என்கிறார்கள். வெளி மெக்கானிக் ஈசிஎம் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) போய்விட்டது, 30,000 ரூபாய் ஆகும் என்கிறார். மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் முதல் சந்தேகம் கிராங்க் சென்சார்மீது. ஒற்றை போல்ட்டில் மாட்டியிருக்கும் கட்டைவிரல் அளவு பொருள். சிறிய கார்களுக்குச் சில ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும்.

எஞ்சின் எந்த நிலையில் சுற்றுகிறது என்று ஈசிஎம்முக்குச் சொல்வது இந்த சென்சார்தான். அந்தச் சேதி நின்றால் ஈசிஎம் பெட்ரோலையும் தீப்பொறியையும் ஒரே நொடியில் நிறுத்திவிடும். பல கார்களில் சென்சாருக்குள் இருப்பது தலைமுடி போன்ற மெல்லிய கம்பிச் சுருள். வயதானபின் அதில் மெல்லிய விரிசல் விழும். எஞ்சின் சூட்டில் விரிசல் விலகித் தொடர்பு அறும், ஆறியதும் ஒட்டிக்கொள்ளும். உங்கள் கால் மணி நேரக் கணக்கு இதுதான். காலையில் ஆறிய வண்டியை சர்வீஸ் சென்டரில் இரண்டு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தால் கோளாறு எப்படித் தெரியும்?

வண்டி நின்ற முதல் ஐந்து நிமிடத்தை வீணாக்காதீர்கள். மெக்கானிக் வந்து சேரும்போது எல்லாம் ஆறி, சாட்சி போயிருக்கும். பார்க்க வேண்டியதை நீங்களே பார்த்துவிட வேண்டும்.

அதற்கு முன் பத்திரமாக ஓரம் கட்டுங்கள். எஞ்சின் நின்றால் ஸ்டியரிங் கனக்கும், ஆனால் திரும்பும். பிரேக் இரண்டு மூன்று மிதிக்குத்தான் லேசாக இருக்கும். பம்ப் செய்யாமல் ஒரே அழுத்தாக மிதியுங்கள். வண்டி உருளும்போது சாவியை லாக் வரை திருப்பவே கூடாது. நெடுஞ்சாலை உதவிக்கு 1033.

இனி கவனிக்க வேண்டியவை. நின்ற கணத்தில் கியரில்தானே உருண்டுகொண்டிருந்தீர்கள்? அப்போது சக்கரம் எஞ்சினைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அப்படியிருந்தும் ஆர்பிஎம் (எஞ்சின் சுற்றைக் காட்டும்) முள் சடாரென்று பூஜ்யத்துக்கு விழுந்திருந்தால் சென்சார் சேதி அறுந்தது என்று பொருள். பெட்ரோலை எஞ்சினுக்கு அனுப்பும் பம்போ அதன் ஃபில்டரோ காரணமானால் வண்டி முதலில் திணறும், குலுங்கும், இழுக்காது. முள் மெதுவாகத்தான் இறங்கும்.

ஓரம் கட்டியதும் டேஷ்போர்டு விளக்குகள் எரிகின்றனவா பாருங்கள். எல்லாமே இருண்டிருந்தால் பேட்டரி டெர்மினல், எர்த் கம்பி, சாவி ஸ்விட்ச் பக்கம் போக வேண்டும். எரிந்தால் சாவியை ஒருமுறை ஆஃப் செய்து, மறுபடி ஆன் மட்டும் செய்யுங்கள்; ஸ்டார்ட் வேண்டாம். பின்சீட்டுக்கு அடியில் இரண்டு நொடி 'ம்ம்' என்று பம்ப் சத்தம் வர வேண்டும். வராவிட்டால், ஃப்யூஸ் பெட்டியில் பம்ப் ரிலேயும் (மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சின்ன ஸ்விட்ச்) ஹார்ன் ரிலேயும் ஒரே வகையாக இருந்தால் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். கிளம்பினால் ரிலேதான், நூற்றுக்கணக்கில் முடியும். அப்போதும் சத்தமில்லை என்றால் ஒருவர் ஸ்டார்ட் செய்ய, மற்றவர் டேங்க் அடியில் கைமுட்டியால் நாலு தட்டு தட்டட்டும். அதில் உயிர் வந்தால் பம்ப் மோட்டாரின் பிரஷ் தேய்ந்திருக்கிறது.

பம்ப் சத்தம் வந்தும் கிளம்பவில்லையா? ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு முள்ளைப் பாருங்கள். 200, 300 வரை துள்ள வேண்டும். அசையாமல் கிடந்தால் கிராங்க் சென்சார், அதன் வயர் அல்லது கனெக்டர். சில கார்களில் ஸ்டார்ட் ஆகும்வரை முள் அசையவே அசையாது. ஆறிய வண்டியில் இன்றே பார்த்துத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

சென்சாரை மாற்றுமுன் எஞ்சின் ஓடும்போது அதன் வயரை மெல்ல ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டும்போது எஞ்சின் தடுமாறினால் கோளாறு வயரிலோ கனெக்டரிலோ இருக்கிறது. கழற்றும்போது சென்சார் நுனியில் இரும்புத் துகள் ஒட்டியிருக்கிறதா, கனெக்டருக்குள் எண்ணெய் ஏறியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். புதியதன் ஓ-ரிங்கில் எஞ்சின் ஆயில் தடவிப் பொருத்துவது முறை. பழையதில் அச்சிட்ட பார்ட் நம்பரும் புதியதும் பொருந்த வேண்டும். பெட்டி பளபளப்பாக இருப்பதை நம்பி வாங்காதீர்கள், பார்ட் நம்பர் எழுதிய பில் கேளுங்கள். பழைய பொருளையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றாமலே மாற்றியதாகக் கணக்குக் காட்டுவதற்கு அதுதான் தடை.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் அங்கே பார்ப்பதில்லை. வண்டியை செகண்ட் ஹேண்டாக வாங்கினீர்களா? அக்சஸரி கடையில் பூட்டிய அலாரமோ ஜிபிஎஸ்ஸோ அதில் உண்டா? டாக்ஸியாக ஓடிய வண்டியா, ஃபைனான்ஸில் இருந்த வண்டியா? அப்படியானால் ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து பாருங்கள். கம்பெனி வயர்கள் துணிநாடா சுற்றி ஒழுங்காக ஓடும்; நடுவே முறுக்கி இன்சுலேஷன் டேப் ஒட்டிய வயரும் ஒரு சின்னக் கறுப்பு ரிலேயும் தொங்கினால் அதுதான் திருட்டைத் தடுக்க வைத்த 'கட்' ரிலே. பம்புக்குப் போகும் வயரை வெட்டி, மின்சாரம் முழுவதையும் அந்த மலிவு ரிலே வழியாக விட்டிருப்பார்கள். வெயிலில் முனை சூடேறிக் கருகித் தொடர்பு விடும், ஆறினால் பிடிக்கும். உங்கள் அடையாளம் அப்படியே! ஆனால் இதில் பம்ப் சத்தம் வராது, ஆர்பிஎம் முள் துள்ளும். அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த அலாரம் அல்லது ஜிபிஎஸ் பெட்டியையும் ரிலேயையும் கழற்றிவிட்டு வெட்டிய வயரை சால்டர் வைத்து ஒட்டி ஸ்லீவ் போட வேண்டும். மறுபடி முறுக்கி டேப் சுற்றினால் அடுத்த கோடையில் இதே கதை.

ஈசிஎம் கெடவே கெடாது என்று சொல்லவில்லை. 2015, 2023 டிசம்பர் வெள்ளத்தில் நீர் ஏறிய வண்டி, பேட்டரியைத் தலைகீழாக மாட்டிய வண்டி என்றால் சந்தேகப்படலாம். மற்ற வண்டிகளில், நின்ற நிலையில் ஈசிஎம்முக்கு 12 வோல்ட் வருகிறதா, எர்த் சரியா, சென்சார் சேதி வருகிறதா என்று அளந்து காட்டாமல் 'ஈசிஎம் போச்சு' என்பவர் ஊகத்துக்கு விலை வைக்கிறார். அவர் தருவதும் பெரும்பாலும் உடைத்த வண்டியிலிருந்து எடுத்த பழையதுதான். இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் கிளம்பவிடாத பூட்டு) உள்ள காரில் உங்கள் சாவியை அது ஏற்காது. கோடிங் என்று இன்னொரு பில் வரும்.

ரிக்கவரி வேன்காரர் சொல்லும் ஒர்க்ஷாப்புக்கும் போகாதீர்கள். கமிஷன் உங்கள் பில்லில்தான் ஏறும். காப்பீட்டில் சாலை உதவி சேர்த்திருந்தால் அந்த எண்ணில் அழையுங்கள், எந்த ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோவது என்பதை நீங்கள் சொல்லுங்கள்.

சர்வீஸ் சென்டரைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஸ்கேனரில் கோட் (கோளாறுக் குறியீடு) வரவில்லை என்பதாலேயே வண்டி நலம் என்று எழுதித் தருவது பரிசோதனை ஆகாது. விட்டு விட்டு வரும் கோளாறு பல நேரம் கோட் பதியாது. பதிந்திருந்தால் கிராங்க் சென்சாருக்குரிய பி 0335 என்று இருக்கும், ஆனால் வாசிக்குமுன் பேட்டரி டெர்மினலைக் கழற்றினாலே பல வண்டிகளில் அழிந்துவிடும். 'ரீசெட் பண்ணிடலாம் சார்' என்று யார் ஸ்பேனரை எடுத்தாலும் முதலில் ஸ்கேன் என்று நிறுத்துங்கள். ஜாப் கார்டில் 'ஓடும்போது நிற்கிறது' என்று மட்டும் எழுத விடாதீர்கள். 'ஒரு மணி நேரம் ஓடிச் சூடானபின் நிற்கிறது, 15 நிமிடத்தில் கிளம்புகிறது, சூடான நிலையில் லைவ் டேட்டா பார்க்கவும்' என்று உங்கள் வாசகமாக எழுதச் சொல்லிக் கையெழுத்திடுங்கள்.

சென்சார் மாற்றியபின் அதே மதிய வெயிலில், ஏசி போட்டு, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். அதுவரை குடும்பத்தோடு இரவில் நெடுஞ்சாலைப் பயணம் வேண்டாம்.