ஏற்காட்டு மழைக்கு எந்த ஜன்னல்?

கேள்வி: ஏற்காட்டில் நாங்கள் குடியிருக்கும் பழைய வீட்டின் ஆறு தேக்கு ஜன்னல்களும் மழைக்காலத்தில் ஊறி, சாத்த முடியாதபடி இறுகிக்கொள்கின்றன. சேலத்திலிருந்து வந்து பார்த்த கடைக்காரர், எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டு, யுபிவிசி எனும் கெட்டிப் பிளாஸ்டிக்கில், பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் ஸ்லைடிங் ஜன்னல் போடலாம் என்கிறார். எங்கள் பொறியாளரோ அலுமினியமே போதும் என்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது?
– வாசகி, ஏற்காடு

பதில்: பெயர்ப்பதற்கு முன் ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து, நிலையின் அடிக்கட்டையிலும் கதவுகளின் கீழ் மூலைகளிலும் குத்திப் பாருங்கள். முனை இறங்காமல் நின்றால் மரம் கெடவில்லை என்று பொருள். ஜன்னல் கதவின் அடி விளிம்பு கண்ணில் படாத இடம் என்பதால் பெரும்பாலும் அதற்குப் பெயிண்ட் அடிக்காமல் விட்டுவிடுகிறார்கள். ஈரம் அந்த வழியாகத்தான் மரத்துக்குள் ஏறுகிறது. மரம் நன்றாகக் காய்ந்திருக்கும் கோடையில் தச்சரை அழைத்து, உரசும் ஓரத்தை இழைத்து, நான்கு விளிம்புகளுக்கும் பெயிண்ட் அடித்தால் உங்கள் செலவு அத்தோடு முடிந்துவிடக்கூடும். இதைக் கடைக்காரர் சொல்லமாட்டார்; அவர் விற்பது புது ஜன்னல்.

முனை பொதுக்கென்று இறங்கினால் மாற்றத்தான் வேண்டும். அப்போதும் ஸ்லைடிங் உங்கள் வீட்டுக்கு ஏற்றதன்று என்பதே என் கருத்து. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் உங்கள் ஊரில் மழை நேராக விழுவதைவிடக் காற்றோடு சாய்ந்து அடிப்பதே அதிகம். ஸ்லைடிங் கதவு தடத்தில் ஓடியாக வேண்டும் என்பதால் அதன் ஓரங்களில் தூரிகை போன்ற இழைப்பட்டைதான் வைக்கப்படுகிறது. சாரல் அதன் வழியே புகுந்து கீழ்த்தடத்தில் தேங்கும். கீலில் திறக்கும் கேஸ்மெண்ட் வகையிலோ கொண்டியைத் திருப்பியதும் கதவு நான்கு பக்கமும் ரப்பர் மேல் அழுந்தி அமர்கிறது. தவிர, இரு கதவு ஸ்லைடிங்கில் ஒரு நேரத்தில் பாதி ஜன்னல்தான் திறக்கும். அலுமினியம் உறுதியானது, ஆனால் குளிரை எளிதில் கடத்துவதால் மார்கழி இரவுகளில் உட்புறச் சட்டம் வியர்த்துச் சுவரை நனைக்கலாம். எந்த வகையானாலும் இரும்பு கிரில்லை விட்டுவிடாதீர்கள். பூட்டு எத்தனை முனைகளில் பிடித்தாலும், ஜன்னல் திறந்திருக்கும்போது குரங்கைத் தடுப்பது கிரில் மட்டுமே.

யுபிவிசி ஜன்னலின் ஆயுள் பொருத்தும் நாளில்தான் முடிவாகிறது. சட்டத்தின் உள்ளே வலுவுக்கான இரும்புக்குழல் இருக்கிறதா என்பதை ஒரு வலுவான காந்தத்தை வைத்தே அறியலாம். பிளாஸ்டிக்கைத் தாண்டியும் அது இழுக்கும். யுபிவிசி வெயிலில் விரிவடையும் பொருள் என்பதால், சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியைச் சிமெண்டால் இறுக்கி அடைக்காமல் ஃபோம் நிரப்பி, வெளிப்புறம் சிலிகான் பூசச் சொல்லுங்கள். கடைசிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் கீழ்ச்சட்டத்தில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். அது வெளிப்புறத் துளைகள் வழியே வடிந்து போகவேண்டும். உள்ளேயே நின்றால் கொத்தனார் பூச்சில் துளைகளை அடைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: சதுர அடிக் கணக்கில் ஐந்து ஜன்னல்கள் வாங்கினேன். ஒவ்வொன்றும் 3 அடி 8 அங்குலச் சதுரம். கடையில் 4 அடிக்கு 4 அடி என்று கணக்கிட்டுப் பணம் வாங்கினார்கள். பில் வேண்டாமென்றால் ஜிஎஸ்டி மிச்சம் என்றதால் ஒப்புக்கொண்டேன். நான்கே மாதத்தில் இரண்டு கதவுகள் ஓடவில்லை. கடைக்காரர் போனை எடுப்பதில்லை.
– வாசகர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: உங்கள் ஜன்னலின் உண்மையான பரப்பு சுமார் 13.4 சதுர அடி; உங்களிடம் வாங்கியது 16 சதுர அடிக்கான விலை. ஐந்துக்கும் சேர்த்தால் ஏறத்தாழ 13 சதுர அடி, அதாவது கிட்டத்தட்ட ஆறாவது ஜன்னல் ஒன்றின் விலை, அதிகம் போயிருக்கிறது. அளவை எப்படி முழுமையாக்குவார்கள் என்பதைக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

பில்லைக் கைவிட்டது உங்கள் தவறுதான். ஆனாலும் வழி அடைபட்டுவிடவில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே நேர்மையற்ற வணிக நடைமுறை. கொட்டேஷன், வாட்ஸ்அப் செய்திகள், பணம் அனுப்பிய வங்கிப் பதிவு, ஓடாத கதவின் வீடியோ ஆகியவற்றைத் திரட்டி, பழுதுபார்க்க 15 நாள் அவகாசம் கொடுத்து சேர்ந்ததற்கான சான்றுடன் ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லையெனில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்யவேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம்.

கேள்வி: டஃபன்ட் கண்ணாடி என்று சொல்லிப் பொருத்தியதை எப்படி நம்புவது?
– வாசகர், சூரமங்கலம், சேலம்

பதில்: டஃபன்ட் என்பது சூட்டில் பதப்படுத்தி வலுவாக்கிய கண்ணாடி. பதப்படுத்திய பிறகு அதை வெட்டவோ துளையிடவோ முடியாது, முயன்றால் முழுவதும் சிறு துண்டுகளாக உதிர்ந்துவிடும். ஆகவே உங்கள் வாசலில் வைத்து ஓரத்தை வெட்டிச் சரிசெய்தார்கள் என்றால் அது சாதாரணக் கண்ணாடிதான். ஆர்டர் கொடுக்கும்போதே தயாரிப்பாளரின் முத்திரை ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் இருக்கவேண்டும் என்று எழுதி வாங்குங்கள். பொருத்தும் நாளில் ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள்.