குழாய்த் தண்ணீர்: கேளுங்கள், சொல்கிறேன்

மதுரையில் குடிநீர்க் குழாய் வேலையில் முப்பது வருடம் இருந்தவன். கேட்டவர்களின் பகுதிப் பெயர் முன்னால் இருக்கிறது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

செல்லூர்: தண்ணீர் விட்டதும் முதல் நாலு குடம் சாக்கடை நாற்றம். பண்ணைப்பட்டி சுத்திகரிப்பு நிலையத்தில் சுத்தம் செய்துதானே அனுப்புகிறார்கள்?

ஆமாம். வைகை அணைத் தண்ணீரைப் படிகாரம் போட்டுத் தெளியவைத்து, வடிகட்டி, குளோரின் கலந்துதான் விடுகிறார்கள். கெடுவது வழியில். நம் ஊரில் குழாயில் 24 மணி நேரமும் தண்ணீர் நிற்பதில்லை. அழுத்தம் இருக்கும்வரை ஓட்டையில் தண்ணீர் வெளியே கசியும். வால்வை அடைத்ததும் வெளியே இருப்பது உள்ளே வரும். மோட்டாரைக் குழாயில் நேரடியாகப் போட்டு உறிஞ்சினால் இன்னும் மோசம். ஒரு சந்தில் சாக்கடைக்குள் கிடந்த இரும்புக் குழாயைத் தோண்டினோம். துருவேறி ஊசித்துளை. பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டார்கள். துளையைச் சுற்றிக் கறுப்புத் தண்ணீர் சுழித்து உள்ளே போனதை என் கண்ணால் பார்த்தேன். முதல் நாலு குடத்தைக் குடிக்க எடுக்காதீர்கள். அப்புறம் லேசாகக் குளோரின் வாடை வந்தால் நல்லது.

வில்லாபுரம்: அண்ணே, தெருவே மோட்டார் போடுது. நான் மட்டும் போடாவிட்டால் ஒரு குடம் கிடைக்காது.

தரைக்குக் கீழே சம்ப், அதாவது தொட்டி, கட்டுங்கள் தம்பி. தண்ணீர் தானாக வந்து விழட்டும். மோட்டாரைச் சம்பில் போடுங்கள்.

அனுப்பானடி: ஒன்றரை சென்ட் வீட்டில் சம்புக்கு எங்கே போவது? கடைசி வீட்டுக்காரர் கஷ்டம் உங்களுக்குப் புரியாது.

புரியும்மா. கடைசி வீட்டுக்கு அழுத்தம் வராதது உங்கள் தப்பில்லை. வாசலோரம் ஒரு பள்ளம் எடுத்து டிரம்மை இறக்கினாலும் போதும். குழாய் வாய் தாழ்ந்தால் வரத்து கூடும். தெருவே சேர்ந்து மனு கொடுங்கள், தனியாகப் போகாதீர்கள்.

வில்லாபுரம்: முன்வீட்டுக்காரர் கழற்றினால் நானும் கழற்றுகிறேன்.

அவரும் உங்களைக் காட்டி இதையேதான் சொல்வார். அந்தக் கறுப்புத் தண்ணீர் இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும்தான் போகிறது.

திருநகர்: கொதிக்கவைத்தால் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) குறையுமா?

குறையாது. கிருமி சாகும், உப்பு அப்படியே இருக்கும்.

ஆரப்பாளையம்: பிளீச்சிங் பவுடர் அளவு?

புதுப் பவுடர் என்றால் 1000 லிட்டருக்கு இரண்டரை கிராம். கரைத்துத் தெளிந்ததை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விடுங்கள்.

தெப்பக்குளம்: புது இணைப்பு எப்போது கிடைக்கும்?

வார்டு அலுவலகத்தில் கேளுங்கள்.

பழங்காநத்தம்: அரை எச்பி மோட்டார்தானே, குழாயில் போடலாமா?

கூடாது. செல்லூர்க்காரருக்குச் சொன்னதை ஒருமுறை படியுங்கள். நான் பார்த்ததும் அரை எச்பிதான்.