மிதத்தலும் மூழ்குதலும்: கேள்வி பதில்

கேள்வி: கனமான பொருள் மூழ்கும், இலேசானது மிதக்கும் என்றே என் மாணவர்கள் உறுதியாக நம்புகிறார்கள். வகுப்பை எங்கிருந்து தொடங்குவது?

பதில்: எடை மாறாமல் வடிவம் மட்டும் மாறும் ஒரு பொருளிலிருந்து தொடங்குங்கள். நீரில் கரையாத விளையாட்டுக் களிமண்ணை 100 கிராம் எடுத்து உருட்டிப் போட்டால், அது நேராக அடிக்குப் போய்விடும். அதையே மெல்லிய சுவருள்ள கிண்ணமாக்கி நீரின் மேல் மெதுவாக வைத்தால் மிதக்கும். உருண்டையின் பருமன் 60 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொண்டால், அது முழுதும் மூழ்கினாலும் 60 கிராம் நீரைத்தான் விலக்க முடியும். மீதி 40 கிராமைத் தாங்க ஆளில்லை. கிண்ணமோ 100 கிராம் நீரை விலக்கும் அளவுக்கு அமிழ்ந்ததும் நின்றுவிடுகிறது. சுவர் தடித்துப்போனால் கிண்ணமும் மூழ்கும். அதையும் மாணவர்கள் தங்கள் கையாலேயே செய்து பார்க்கட்டும்.

கேள்வி: நீருக்கு மேல்நோக்கித் தள்ளும் விசை எங்கிருந்து வருகிறது? நான் பத்தாம் வகுப்பு மாணவன்.

பதில்: ஆழம் கூடக்கூட நீரின் அழுத்தம் கூடுவதிலிருந்து வருகிறது. பக்கம் 10 செ.மீ. உள்ள ஒரு கனசதுரத்தை நீருக்குள் முழுதும் அமிழ்த்துங்கள். நான்கு பக்கவாட்டு அழுத்தங்களும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். அடிப்பக்கம் மேற்பக்கத்தைவிட 10 செ.மீ. ஆழத்தில் இருப்பதால், கீழிருந்து தள்ளும் விசை மேலிருந்து அழுத்தும் விசையைவிட ஏறத்தாழ 9.8 நியூட்டன் அதிகமாகிறது. இது சரியாக 1 லிட்டர் நீரின் எடை. கனசதுரம் இரும்பாயினும் மரமாயினும் இந்த விசை மாறாது. விலக்கப்பட்ட நீரின் எடையே மிதப்பு விசை என்று கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீஸ் கூறியது இதைத்தான்.

கேள்வி: மின்னணுத் தராசின் மேல் நீர்ப் பாத்திரம் இருக்கிறது. நூலில் கட்டிய கல்லை, அடியைத் தொடாமல் அந்த நீருக்குள் தொங்கவிட்டால் தராசின் அளவு கூடுமா? எங்கள் ஆசிரியர் அறையில் இதைப் பற்றிப் பெரிய விவாதமே நடந்தது.

பதில்: கூடும். மிதப்பு விசையைக் காட்ட இதைவிடச் சிறந்த சோதனை இல்லை என்பது என் கருத்து, ஏனெனில் இங்கே விசையை எண்ணாகவே படிக்கலாம். 270 கிராம் எடையும் 100 மில்லிலிட்டர் பருமனும் கொண்ட ஒரு கல்லைச் சுருள்வில் தராசில் தொங்கவிட்டு இறக்குங்கள். கல் அமிழ அமிழ மேலுள்ள தராசு 270இலிருந்து படிப்படியாக 170க்கு இறங்கும். கீழுள்ள தராசோ அதே அளவு ஏறி, 100 கிராம் கூடுதலாகக் காட்டும். நீர் கல்லை மேலே தள்ளும்போது கல்லும் நீரைக் கீழே தள்ளுகிறது என்பதுதான், அதாவது நியூட்டனின் மூன்றாம் விதிதான் காரணம். முழுதும் மூழ்கிய பிறகு இன்னும் ஆழத்துக்கு இறக்கினால் எண்கள் அசையாது. ஆழம் கூடினால் மிதப்பு விசையும் கூடும் என்ற பரவலான தவறான எண்ணம் அங்கேயே தீர்ந்துவிடும். கல்லில் ஒட்டும் காற்றுக் குமிழிகளைத் துடைத்துவிடுங்கள். நூல் பாத்திரத்தின் விளிம்பில் உரசக் கூடாது. சோதனைக்கு முன்பே, தராசு என்ன காட்டும் என்று ஒவ்வொருவரும் எழுதிவைக்கச் சொல்வது மிக முக்கியம்.

கேள்வி: ஊசி நீரில் மிதப்பதையும் மிதப்பு விசைக்குச் சான்றாகக் காட்டலாமா?

பதில்: வேண்டாம். அதைத் தாங்குவது பெரும்பாலும் பரப்பு இழுவிசை, அதாவது நீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல்போல நடந்துகொள்ளும் தன்மை. ஒரு சொட்டுச் சோப்பு நீர் விட்டால் ஊசி மூழ்கிவிடும்.

கேள்வி: விளிம்புவரை நிரம்பிய குவளையில் மிதக்கும் பனிக்கட்டி உருகினால் நீர் வழியுமா?

பதில்: வழியாது. பனிக்கட்டி தன் எடைக்குச் சமமான நீரை ஏற்கெனவே விலக்கியிருக்கிறது. உருகியதும் அந்த இடத்தையே நிரப்புகிறது.

கேள்வி: உப்பு நீரில் முட்டை மிதக்கும் என்கிறார்கள். என் மகளுடன் செய்தபோது மூழ்கியே கிடந்தது.

பதில்: உப்பு போதாமலோ, கரையாமல் அடியில் தங்கியோ இருக்கும். புதிய முட்டையின் அடர்த்தி நீரைவிடச் சற்றே அதிகம். ஆகவே ஒவ்வொரு கரண்டியாக உப்பிட்டு, முழுதும் கரையும்வரை கலக்கி, முட்டை எழும்வரை தொடருங்கள். பழைய முட்டையைத் தவிர்த்துவிடுங்கள். உள்ளிருக்கும் காற்றறை பெரிதாகிவிடுவதால் அது சாதாரண நீரிலேயே மிதக்கக்கூடும். முட்டை எழுந்தபின், சாதாரண நீரைக் குவளையின் ஓரமாக மிக மெதுவாக ஊற்றினால் அது உப்பு நீரின் மேல் தனி அடுக்காக நிற்கும். முட்டை இரண்டு அடுக்குகளுக்கும் நடுவே, மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் நிலைகொள்வதை உங்கள் மகள் பார்க்கலாம்.