வாசக்கதவுக்கு எம்ப்ராய்டரி போட்ட கிறிஸ்துமஸ் டோர் ஹேங்கிங் கையாலயே தைக்க முடியுமா? பிளாஸ்டிக் பச்சை இலையை அதுல எப்படி வைக்கிறது?

கேள்வியில முக்கியமா மூணு விஷயம் கேட்டிருக்கீங்க. மிஷின் இல்லாம கைத்தையல்லயே முடியுமா, பச்சை இலையை க்ளூ கன் வச்சு துணியிலயே ஒட்டிடலாமா, கோத்தகிரி மாதிரி ஈரமான ஊர்ல இது எத்தனை வருஷம் தாங்கும்னு. மொத கேள்விக்கு, தாராளமா முடியும். ரெண்டாவதுக்கு, தயவுசெஞ்சு ஒட்டாதீங்க. ஒட்டாம இருந்தீங்கன்னா மூணாவது கேள்வியே தேவையில்ல, பல வருஷம் வரும்.

நான் நீலகிரியில, குன்னூர்கிட்ட அருவங்காடு பக்கம், வீட்டுலயே பிளவுஸ் தைக்கிறவ. இதுவரைக்கும் மூணு ஹேங்கிங் தைச்சிருக்கேன், மொதல் ரெண்டும் பாழாப் போச்சு, அந்த அனுபவத்துலதான் சொல்றேன்.

மொதல்ல தைச்சதுல நீங்க நினைக்கிற மாதிரியே க்ளூ கன்லதான் ஒட்டினேன். டிசம்பர் ராத்திரி நம்ம ஊர் குளிருக்கு க்ளூ துணியில பட்ட உடனே இறுகிடுது, நூலுக்குள்ள இறங்கவே மாட்டேங்குது, மேலாக்க பட்டாணி மாதிரி உக்காந்துக்குது, நாலே நாள்ல ஒவ்வொரு கிளையா பொலபொலன்னு கழண்டுச்சு. அது கூடப் பரவால்ல. அந்தக் கிளைக்குள்ள இருக்கறது இரும்புக் கம்பி, வடகிழக்குப் பருவமழை குன்னூர் கோத்தகிரி பக்கம் டிசம்பர்லயும் லேசுல விடாது, மழை இல்லாத அன்னிக்கு மிஸ்ட் வந்து கதவெல்லாம் நனைச்சுட்டுப் போகும், அதுல கம்பி துருப்பிடிச்சு வெள்ளைத் துணியில டீயைக் கொட்டின மாதிரி கறை. எலுமிச்சம்பழமும் உப்பும் தேச்சு வெயில்ல போட்டா துருக்கறை மங்கும், ஆனா கழட்டித் துவைக்கணுமே, பாதி இலை க்ளூவோட அப்படியே நிக்குது.

ரெண்டாவது வருஷம் இலையைத் தைச்சே வச்சேன், கறையும் இல்ல, ஆனா செவப்பு நூல் சாயம் போச்சு. பண்டிகை முடிஞ்சு ரெண்டு நாள்ல பார்த்தா எழுத்தைச் சுத்தி எல்லாம் ரோஸ் கலர். போதாததுக்கு இலையோட நடுவுல செவப்பு செவப்பா தெர்மாகோல் பழம் கம்பியில கோத்து வரும்ல, அதைப் பழம்னு நினைச்சு ஒரு குரங்கு கதவுல தொங்கிக்கிட்டே ஒண்ணொண்ணா பிச்சுக் கடிச்சுத் துப்பிட்டு இருந்துச்சு. நான் கரண்டியோட நிக்கிறேன், அது என்னையே பார்த்துக்கிட்டு அடுத்த பழத்தைப் பிய்க்குது. கடைசிப் பழம் வரைக்கும் டேஸ்ட் பார்த்துட்டுத்தான் போச்சு.

அதனால மூணாவதுக்கு மூணு முடிவு பண்ணேன், இலை துணியோட நிரந்தரமா ஒட்டியிருக்கக் கூடாது, செவப்பு நூலைச் சோதிக்காம ஊசியில கோக்கக் கூடாது, பழமெல்லாம் நூல்லயே போட்டுடணும். அது இன்னும் நல்லா இருக்கு.

இப்போ எப்படித் தைக்கிறதுன்னு சொல்றேன். சைஸ் 12 இன்ச் அகலம், 18 இன்ச் நீளம் போதும், இதுக்கு மேல போனா காத்துல படபடன்னு அடிக்கும். துணி கேசிமென்ட் கிளாத் வாங்குங்க, திரைச்சீலைக்கு எடுக்கற பருத்தித் துணி, அரை வெள்ளைக் கலர் (பளீர் வெள்ளைன்னா மிஸ்ட் ஈரத்துல சீக்கிரம் பழுப்பு தெரியும்). வாங்கினதும் ஒரு தடவை தண்ணியில ஊற வச்சு காய வச்சு இஸ்திரி போட்டுடுங்க, சுருங்கறதெல்லாம் தைக்கறதுக்கு முன்னாடியே சுருங்கிடட்டும். வெட்டும்போது 16க்கு 22ன்னு பெருசா வெட்டுங்க, எம்ப்ராய்டரி முழுசா முடிஞ்சப்புறம்தான் 13க்கு 19ன்னு கடைசி அளவுக்கு வெட்டணும். எம்ப்ராய்டரி ரிங்குல மாட்டி இழுத்து இழுத்து போடறதுல துணி கோணும், ஓரத்துல பிசிறும் விடும், மொதல்லயே அளவா வெட்டினா அப்புறம் கையைப் பிசைஞ்சுக்கிட்டு உக்கார வேண்டியதுதான்.

எழுத்து. இங்கதான் நிறைய பேர் சொதப்புறாங்க, நானும்தான். 'கிறிஸ்துமஸ்'னு இடது பக்கத்துல இருந்து ஜாலியா போட ஆரம்பிச்சு கடைசி 'ஸ்' வரும்போது துணி முடிஞ்சு போயிடும். ஆறு எழுத்துதானே, மூணு இந்தப் பக்கம் மூணு அந்தப் பக்கம்னு நினைக்காதீங்க, 'கி'யும் 'றி'யும் மேல கொக்கி போட்டு இடத்தை அடைக்கும், 'ம' சின்னதா உக்காந்துக்கும். ஒரு பேப்பர் பட்டையில மொத்த வார்த்தையையும் எழுதி, முதல் கோடு எங்க ஆரம்பிக்குது கடைசி கோடு எங்க முடியுதுன்னு வெட்டி, ரெண்டா மடிங்க, அந்த மடிப்புதான் நடு. அதைத் துணியோட நடுவுல வச்சுட்டு ரெண்டு பக்கமும் போங்க. எழுத்து உயரம் ஒன்றரை இன்ச் வச்சேன், மொத்த வார்த்தை 9 இன்ச் வந்துச்சு.

டிசைனைத் துணியில எடுக்க கார்பன் பேப்பர் வேணாம், வெள்ளைத் துணியில கை பட்டா அழுக்காயிடும். ஜன்னல் கண்ணாடியில பேப்பரை ஒட்டி மேல துணியை வச்சு பென்சில்ல லேசா வரையலாம். மிஸ்ட் இறங்கிட்டா ஜன்னல்ல வெளிச்சமே இருக்காது நம்ம ஊர்ல, அப்போ ரெண்டு ஸ்டூலுக்கு நடுவுல ஒரு கண்ணாடியை வச்சு கீழ மொபைல் டார்ச்சைப் போட்டுடுங்க.

செவப்பு நூலை மொதல்ல வெதுவெதுப்பான தண்ணியில போட்டு, எடுத்து வெள்ளை டிஷ்யூ பேப்பர்ல அழுத்திப் பாருங்க. கலர் ஒட்டினா திரும்பத் திரும்ப அலசுங்க, அலசியும் கலர் வர்றது நிக்கலன்னா அந்த நூல் இதுக்கு ஆகாது, பிளவுஸ்ல கொக்கி தைக்க வச்சுக்கோங்க. ஒரு கண்டுல 8 மீட்டர் நூல், ஆறு இழை சேர்ந்திருக்கும், எழுத்துக்கு மூணு இழை பிரிச்சுக்கணும். நான் போட்டது காம்புத் தையல் (ஸ்டெம் ஸ்டிச்), சங்கிலித் தையலும் போடலாம்தான், ஆனா நம்ம எழுத்துல இருக்கற வளைவுக்கு காம்புத் தையல்தான் கயிறு முறுக்கின மாதிரி வழுக்கிக்கிட்டுப் போகும். நேர் கோட்டுல அரிசி நீளத்துக்குப் போடலாம், 'து'வோட கீழ் வளைவு வரும்போது பாதியாக் குறைச்சுடணும், இல்லன்னா வளைவு தெரியாம முக்கு முக்கா நிக்கும். ரெண்டு 'ஸ்'ஸோட புள்ளிக்கும் ஃப்ரெஞ்ச் நாட். நூலை ஊசியில ரெண்டு சுத்து சுத்தி, வந்த ஓட்டைக்குப் பக்கத்துல ஒரு இழை தள்ளிக் குத்துங்க, அதே ஓட்டையில குத்தினா முடிச்சு பின்னாடி நழுவிப் போயிடும். புள்ளி இல்லாம பக்கத்து வீட்டு அக்கா வாசிச்சுக் காட்டினாங்க, 'கிறிஸதுமஸ'ன்னு, அன்னிக்கு ராத்திரியே போட்டேன்.

செவப்புப் பழமும் அதே முடிச்சுதான், ஆறு இழையோட மூணு சுத்து, எழுத்துக்கு மேலயும் கீழயும் கொத்துக் கொத்தா. குரங்கு இதை மதிக்கவே இல்ல. ராத்திரி ரிங்கைக் கழட்டி வச்சுடுங்க, மாட்டியே விட்டா வட்டமா தடம் விழும், ஈரத்துல அந்தத் தடம் போகவே போகாது.

தோடர் பழங்குடி மக்களோட எம்ப்ராய்டரி மாதிரி பார்டர் போடலாமான்னும் கேட்டிருந்தீங்க. அது துணியோட இழையை எண்ணி எண்ணிப் போடற வேலை, வரைஞ்சுக்கறதெல்லாம் கிடையாது, செவப்பு கறுப்பு நூல்தான், 2013ல புவிசார் குறியீடும் வாங்கியிருக்கு. பார்த்துக் காப்பியடிச்சு தோடர் வேலைன்னு சொல்லிக்கறது எனக்குப் பிடிக்கல. ஊட்டியில அவங்ககிட்டயே ஒரு சின்னத் துண்டு காசு குடுத்து வாங்கி கீழ் ஓரத்துல வச்சுத் தைச்சுடுங்க, அழகுக்கு அழகும் ஆச்சு. சும்மா எண்ணிப் போடற ஆசைன்னா கட்டம் கட்டமா நெஞ்ச மேட்டி கிளாத்ல கிராஸ் ஸ்டிச் போடுங்க போதும்.

தையல் சொல்றேன், அது சுலபம். எம்ப்ராய்டரியைத் துண்டு மேல கவுத்துப் போட்டு பின்பக்கம் இஸ்திரி போடுங்க, முடிச்செல்லாம் அமுங்காது. உள்ள விறைப்புக்குன்னு பக்ரம் வைக்காதீங்க, கஞ்சி போட்ட பக்ரம் நம்ம ஈரத்துல தொளதொளன்னு ஆயிடும், பழைய ஜீன்ஸ் துணிதான் பெஸ்ட், 12க்கு 18 வெட்டி, பின்னாடி வர்ற லைனிங் துணியோட உள்பக்கம் சுத்தி தையல் விட்டு நடுவுல வச்சு லேசா ஓட்டுத்தையல் போட்டுடுங்க. மேல குச்சி நுழைக்கறதுக்கு துணியில மூணு காது, ஒவ்வொண்ணும் 5 இன்ச் நீளம், ரெண்டா மடிச்சு நல்ல பக்கத்துல உள்நோக்கி வச்சு, மேல லைனிங்கைக் கவுத்து, அரை இன்ச் விட்டு சுத்தி தைச்சு வாங்க, கீழ 4 இன்ச் திறந்து விட்டு. கைத்தையல்னா பேக் ஸ்டிச், நெருக்கமா. மூலையில துணியைக் குறுக்கா வெட்டிட்டுப் புரட்டினா கூர்மையா வரும். திறந்த இடத்தைத் தைக்கறதுக்கு முன்னாடி கீழ் மூலை ரெண்டுலயும் ஒரு ரூபா காசு ஒண்ணொண்ணு போட்டு நகராம சுத்தி தையல் போட்டுடுங்க, காத்துக்குப் பறக்காது. காதுக்குள்ள நுழைக்க கடையில குச்சி வாங்காதீங்க, எஸ்டேட்ல கவாத்து பண்ணிப் போட்ட தேயிலைக் குச்சி கேட்டா சும்மாவே குடுப்பாங்க, பட்டையைச் சீவி ரெண்டு நாள் வெயில்ல வச்சா கல்லு மாதிரி ஆயிடும்.

சரி, இலை. உண்மையான சைப்ரஸ் கிளையை வைக்கலாமேன்னு நம்ம ஊர்ல எல்லாரும் கேப்பாங்க, வெட்டின கிளையில பிசின் கசியும், துணியில பட்டா அவ்ளோதான், காஞ்சா வாசல் பூரா உதிரும். பிளாஸ்டிக் இலை வாங்குறதுல எனக்கும் கொஞ்சம் உறுத்தல் உண்டு, தமிழ்நாடு முழுக்க 2019ல தடை வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே பிளாஸ்டிக் பை வேணாம்னு சொன்ன மாவட்டம் இது, அதனால ஒரு தடவைதான் வாங்குவேன், அதையேதான் வருஷா வருஷம் மாட்டுவேன்.

9 அடி கார்லண்ட் (பிளாஸ்டிக் இலைத் தோரணம்) வாங்கினா அதுல 8 இன்ச் அளவுக்கு ரெண்டு துண்டு போதும். கட்டிங் பிளேயர்லதான் வெட்டணும், கத்திரிக்கோல்ல வெட்டி அம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்காதீங்க. வெட்டின கம்பி நுனியை மடக்கி, எலக்ட்ரிக் கடையில கிடைக்கற பச்சை இன்சுலேஷன் டேப்பை இறுக்கிச் சுத்துங்க, துருவும் வெளிய வராது, துணியும் கிழியாது. அப்புறம் பச்சை ஃபெல்ட்ல 12க்கு ஒன்றரை இன்ச் பட்டை ஒண்ணு வெட்டி, அது மேல ரெண்டு துண்டையும் அடிப்பக்கம் நடுவுல ஒண்ணு மேல ஒண்ணு ஏற, நுனி வெளிய பார்க்கற மாதிரி வைங்க. பட்டன் தைக்கற நூலை ரெண்டா எடுத்து மெழுகுவர்த்தியில ஒரு தடவை இழுத்துட்டு, இன்ச்சுக்கு ஒரு இடத்துல கம்பியைச் சுத்தி ரெண்டு சுத்து, பின்னாடி முடிச்சு. இலைக்கு மேல நூல் போகக் கூடாது, இலையை ஒதுக்கிட்டு கம்பியை மட்டும் பிடிக்கணும், அப்போதான் நூல் வெளிய தெரியாது. நடு ஜாயின்ட்டை ஒரு ரிப்பன் போ வச்சு மறைச்சுடலாம். பட்டைக்குப் பின்னாடி நாலு பிரஸ் பட்டன், அதோட ஜோடி துணியில, எழுத்துக்கு மேல. பிளாஸ்டிக் பிரஸ் பட்டனாப் பார்த்து வாங்குங்க, ஸ்டீல்னா திரும்ப துரு கதை. இப்போ டக்குனு இழுத்தா இலைப்பட்டை தனியா வந்துடும், துணி தனியா துவைக்கப் போயிடும்.

பாக்ஸ்ல நசுங்கின இலையைக் கொஞ்ச நேரம் வெந்நி ஆவியில காட்டி விரலால நீவினா நிமிர்ந்துடும்.

மாட்டறதுக்கு கதவுல ஆணி அடிக்காதீங்க, மழைக்கு ஊறின மரம், விரிசல் விடும். குச்சியில மெல்லிசு கயிறு கட்டி கதவோட தலைக்கு மேல போட்டு உள்பக்கம் தாழ்ப்பாள்ல கட்டிட்டா போதும், கதவும் சாத்தும்.

நான் நவம்பர் மொத வாரம் ஆரம்பிச்சு, சாயங்காலம் வேலை முடிஞ்சு ஒரு மணி நேரம்னு ஒம்பது நாள்ல முடிச்சேன், அதுல ஆறு நாள் எழுத்துக்கே போச்சு. மூணு ராஜாக்கள் திருநாள், ஜனவரி 6 முடிஞ்சதும் இறக்கி, நல்ல வெயில் பார்த்து ரெண்டையும் தனித்தனியா காய வச்சு, துணியை மடிக்காம பேப்பர்ல உருட்டி வைங்க. அந்துருண்டையைத் துணிகிட்ட போட்டாலும் இலைகிட்ட போட்டுடாதீங்க, பிளாஸ்டிக் பிசுபிசுன்னு ஒட்டிக்கும். மிச்ச கார்லண்டை நான் ஜன்னல் கம்பியில சுத்தி விட்டேன், பழம் எல்லாம் பிடுங்கிட்டுத்தான், அதனால குரங்கு வந்து மோந்து பார்த்துட்டு பக்கத்து வீட்டுக்குப் போயிடுச்சு.