சூசன்னா பாட்டைக் காதால் பிடிக்கலாமா?

கேள்வி: சின்ன வயதில் கர்நாடக சங்கீதம் கற்றேன், இப்போது கோலாலம்பூரில் மேற்கத்தியப் பாட்டு படிக்கிறேன். மோசார்ட்டின் 'ஃபிகாரோவின் திருமணம்' ஓபராவில் எனக்கு சூசன்னா வேடம். யூடியூப்பில் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்துவிட்டேன், ஆனால் ஒத்திகையில் இசைக்குழுவை நடத்தும் கண்டக்டர் வரிக்கு வரி நிறுத்துகிறார். என்ன செய்வது?
– வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: தங்கச்சி, கேட்டுப் பிடிப்பது நமக்கு ஊறிப்போன பழக்கம். குரு எதிரில் இருந்தால் பிசகிய இடத்திலேயே திருத்துவார், யூடியூப் திருத்தாது. அந்தப் பாடகி மூச்சுக்காக இழுத்தது, அங்கிருந்த கண்டக்டர் வைத்த வேகம் எல்லாம் சேர்ந்து உங்கள் தொண்டையில் உட்கார்ந்திருக்கும்.

கொஞ்ச நாளைக்குப் பதிவை மூடி வையுங்கள். உங்கள் குழு அச்சிட்ட இசைத்தாளில் எந்தப் பதிப்பைப் பாடுகிறது என்று முதலில் கேளுங்கள். இரண்டாம் அங்கத்து மூவர் பாட்டில் மேல் வரி சூசன்னாவுக்கா அவள் எஜமானியான சீமாட்டிக்கா என்பதே பதிப்புக்குப் பதிப்பு மாறும்.

அப்புறம் ராகம் வேண்டாம், சொல்லும் தாளமும் மட்டும். நாலாம் அங்கத்தில் சூசன்னா பாடும் 'தே வியேனி' பாட்டு 6/8 தாளத்தில் இருக்கிறது, மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ரம் தட்டிய கைக்கு இது கஷ்டமே இல்லை. 'வியேனி ஓவே அமோரே' என்ற இடத்தில் 'னி'யும் 'ஓ'வும் ஒரே சுரத்தில் வரும், 'வே'யும் 'அ'வும் அப்படியே. நம் நாக்கு சும்மா இருக்காது, நடுவில் ஒரு 'ய'வைச் செருகி 'வியேனியோவே' என்று பாடிவிடும், இல்லாவிட்டால் பிரித்து இரண்டு சுரமாக்கிவிடும். மெதுவாகப் பேசிப் பார்த்தால்தான் இது பிடிபடும். அதே பாட்டில் வரும் 'தர்தார்' என்பதில் நம்முடைய 'த'வையே போடுங்கள், ஆங்கிலப் பழக்கத்தில் 'டார்டார்' ஆகிவிடக் கூடாது. 'பெல்லா'வில் இரட்டை 'ல' உங்களுக்குத் தானாக வரும், இதற்கு ஆங்கிலேயர்கள் படாதபாடு படுவார்கள்!

சொல் நாக்கில் நின்ற பிறகு வெறும் 'ஆ'வில் சுரம், கடைசியில் இரண்டும் சேர்த்து. சுரத்தை அசைத்துப் பாடும் நம் கமகம் எட்டிப் பார்த்தால் அந்த வரியைப் பியானோவோடு பாதி வேகத்தில் பாடுங்கள்.

ஒன்று மட்டும் இசைத்தாளைப் பார்த்தால் தெரியாது. பேச்சுப் பகுதியான ரெசிட்டட்டிவில் வாக்கிய முடிவில் ஒரே சுரம் இரண்டு முறை எழுதியிருந்தால், முதலாவதைப் பெரும்பாலும் ஒரு படி மேலே பாடுவது அந்தக் கால வழக்கம். எல்லா இடத்திலும் இல்லை, எங்கே என்பதில் கண்டக்டருக்குக் கண்டக்டர் கருத்து மாறும். அடுத்த ஒத்திகைக்கு முன்பே அவரிடம் கேட்டுப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள், பாதி நிறுத்தல்கள் அங்கேதான் நடக்கின்றன என்று நினைக்கிறேன்.