அடுத்தவர் பொருள், நம் கையில்: வக்கீல் பதில்கள்

கேள்வி: கேரள மலையில் வண்டன்மேடு பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம் இருக்கிறது, குடியிருப்பது கம்பத்தில். சொந்தமாக ஸ்டோர், அதாவது காய் உலர்த்தும் கூடம், கிடையாது. பக்கத்துத் தோட்டக்காரர் ஸ்டோரில் பச்சைக்காயைக் கொடுத்து, கூலிக்கு உலர்த்தி வாங்குவோம். இந்தத் தடவை என் காயை அவர் காயோடு சேர்த்துப் போட்டு உலர்த்திவிட்டார். எனக்கு வந்ததெல்லாம் பொடிக்காயும் வெடித்த காயும். எடையும் குறைவு. கேட்டால், "ஸ்டோருக்குள்ள வந்துட்டா எல்லாம் ஒரே காய்தான் அண்ணே" என்கிறார். நான் என்ன செய்ய?

பதில்: ஸ்டோருக்குள் வந்தாலும் உங்கள் காய் உங்கள் காய்தான். உலர்த்தித் திருப்பித் தரச் சொல்லி ஒருவரிடம் பொருளைக் கொடுத்தால், 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டப்படி அவர் அதை வைத்திருந்து திருப்பித் தரக் கடமைப்பட்டவர், அவ்வளவுதான். சாதாரண விவேகமுள்ள ஒருவர் அதே நிலையில் தன் சொந்தப் பொருளை எவ்வளவு கவனமாகப் பார்ப்பாரோ அந்த அளவு கவனத்தோடு இவரும் பார்க்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 151-ஆம் பிரிவு சொல்கிறது. கலந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் 155, 156, 157 என்று மூன்று பிரிவுகள் இருக்கின்றன. உங்கள் சம்மதத்தோடு கலந்திருந்தால், கலந்த மொத்தத்தில் அவரவர் போட்ட அளவுக்கு அவரவருக்குப் பங்கு. சம்மதமில்லாமல் கலந்து, ஆனால் பிரிக்க முடியும் என்றால், பிரிக்கிற செலவும் அதில் வருகிற சேதமும் அவர் தலையில். சம்மதமும் இல்லை, பிரிக்கவும் முடியாது என்றால் உங்களுக்கு ஏற்பட்ட நஷ்டத்தை அவர் ஈடுகட்ட வேண்டும். இந்தக் கடைசிப் பிரிவுக்குச் சட்டமே தரும் உதாரணம் மாவு: 45 ரூபாய் பெறும் ஒரு பீப்பாய் மாவை, 25 ரூபாய் மாவோடு சொல்லாமல் கலந்தவன் நஷ்டத்தைக் கட்ட வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் காயும் அந்த மாவு மாதிரிதான்.

எல்லாம் சரி, இரண்டு விஷயத்தை முதலில் பாருங்கள். ஐந்து கிலோவுக்கு மேல் பச்சைக்காய் போட்டால்தான் ஏறக்குறைய ஒரு கிலோ உலர்ந்த காய் கிடைக்கும் என்பது தோட்டம் வைத்திருக்கும் உங்களுக்குத் தெரியாததில்லை, ஆனாலும் கோபத்தில் இந்தக் கணக்கை மறந்துவிட்டு வருகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் கழிவு போகவும் எடை குறைகிறதா என்று கணக்குப் போடுங்கள். இரண்டாவது, வருடக்கணக்காக அவர் கலந்துதான் உலர்த்துகிறார், அது தெரிந்தும் நீங்கள் பேசாமல் வாங்கிப் போயிருக்கிறீர்கள் என்றால், "சம்மதம் இருந்தது" என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே வரியில் முடித்துவிடுவார். அப்போதும் பங்குக்கு உரிமை உண்டு. கழித்துப் போட்ட பொடிக்காயை மட்டும் உங்கள் தலையில் கட்ட அவருக்கு உரிமை கிடையாது.

சாட்சிக்குப் பெரிதாக எதுவும் வேண்டாம். காய் கொடுத்த அன்று ஸ்டோர் நோட்டில் எழுதிய எடை, அதைப் போனில் எடுத்த படம், போடி ஏல மையத்திலோ புற்றடி ஏல மையத்திலோ உங்கள் காய் முன்பு என்ன தரத்தில் என்ன விலைக்குப் போனது என்ற பழைய பில், இது போதும். அவர் குடியிருக்கும் ஊர்க் கோர்ட்டிலோ விவகாரம் நடந்த இடத்துக் கோர்ட்டிலோ வழக்குப் போடலாம், அதாவது பெரும்பாலும் மலைக்கு மேலேதான் ஏற வேண்டியிருக்கும். போலீஸுக்குப் போனால், ஏமாற்றும் எண்ணம் இருந்ததாகக் காட்டாத வரைக்கும் "சிவில் மேட்டர்" என்று திருப்பி அனுப்பவே வாய்ப்பு அதிகம். இன்னொன்று: உலர்த்திய கூலி பாக்கி என்றால் அது வரும்வரை காயை அவர் நிறுத்தி வைக்கலாம், 170-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. போன வருடம் வாங்கிய கைமாற்றுக்காக இந்த வருடக் காயைப் பிடித்து வைக்க அந்தப் பிரிவு உதவாது.

கேள்வி: நானும் சித்தப்பா மகனும் பாதிப் பாதி பணம் போட்டு வாங்கிய மிளகை ஒரு கிடங்கில் இருவர் பெயரிலும் வைத்தோம். அவன் மட்டும் போய் மொத்தத்தையும் எடுத்து விற்றுவிட்டான். கிடங்குக்காரர் மேல் கேஸ் போடலாமா?

பதில்: கஷ்டம். கூட்டாகச் சொந்தமான பொருளை, அதில் ஒருவரிடமே மற்றவர் சம்மதம் கேட்காமல் திருப்பிக் கொடுக்கலாம் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 165-ஆம் பிரிவு. "இருவரும் வந்தால்தான் தர வேண்டும்" என்று வைக்கும்போதே பேசி ரசீதில் எழுதியிருந்தால் மட்டும் கிடங்குக்காரரைக் கேட்க முடியும். இல்லையென்றால் உங்கள் பாதியைத் தம்பியிடம்தான் கேட்க வேண்டும். சித்தப்பாவை வைத்துப் பேசிப் பாருங்கள், கோர்ட் ஃபீஸாவது மிச்சமாகும்.

கேள்வி: காய் எடுக்கும் வேலைக்குத் தினமும் கம்பம்மெட்டு வழியாக ஜீப்பில் போய் வருகிறேன். திரும்பி வரும்போது சீட்டுக்கு அடியில் ஒரு தங்கச் சங்கிலி கிடைத்தது. "என் வண்டியில் கிடந்தது, எனக்குத்தான்" என்கிறார் டிரைவர். "கண்டெடுத்தவளுக்குத்தான்" என்கிறார்கள் கூட வருபவர்கள். யார் சொல்வது சரி?

பதில்: ரெண்டுமே சரியில்லை தாயி. சங்கிலி, தொலைத்தவருக்குச் சொந்தம். கண்டெடுத்தவர் அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டிய பொறுப்புக்காரர், ஒப்பந்தச் சட்டம் 71-ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. பொருளுக்குரியவர் வராதபோது கண்டெடுத்தவருக்கும் இன்னொருவருக்கும் சண்டை வந்தால் யார் பக்கம் பலம் என்பதற்கு வக்கீல்கள் இன்றைக்கும் சொல்லும் பழைய கதை, லண்டனில் 1722-இல் நடந்தது. புகைபோக்கி துடைக்கும் பையன் ஒருவன் கண்டெடுத்த நகையை மதிப்புப் பார்க்கக் கொடுத்தான், நகைக்கடையில் கல்லைத் தர மறுத்தார்கள், தீர்ப்பு பையனுக்குத்தான் போனது. ஆனால் அந்தக் கதையை நம்பி நீங்கள் சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொள்ள முடியாது. அந்த ஜீப்பில் வருவது தினமும் அதே ஆட்கள், விசாரித்தால் பொழுது சாய்வதற்குள் ஆள் தெரிந்துவிடும். உரியவரைக் கண்டுபிடிக்க வழி இருந்தும், முயற்சி செய்யாமல், நியாயமான காலம் காத்திருக்காமல் எடுத்துக்கொண்டால், இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 314-ஆம் பிரிவின் கீழ் குற்றம்: குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 2 வருடம் சிறை, கூட அபராதம். எதற்கு வம்பு. ஜீப்பில் எல்லார் காதிலும் விழச் சொல்லுங்கள். சங்கிலியைக் காட்ட வேண்டாம், அடையாளத்தை அவர்கள் சொல்லட்டும். யாரும் வரவில்லையென்றால் போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

உரியவர் இத்தனை ரூபாய் தருவதாக முன்பே அறிவித்திருந்தால் அதை நீங்கள் கேட்டு வாங்கலாம், வழக்குகூடப் போடலாம். அறிவிப்பு இல்லையென்றால் "நான் அலைந்தேனே" என்று வழக்குப் போட முடியாது, ஆனால் செலவழித்தது வரும்வரை பொருளைக் கையில் வைத்திருக்கலாம். இதுவே ரோட்டில் விழுந்து கிடந்த ஒரு சாக்கு பச்சைக்காய் என்றால் கதை வேறு: தேடியும் ஆள் கிடைக்கவில்லை, வைத்திருந்தால் அழுகிவிடும் என்னும்போது விற்க ஒப்பந்தச் சட்டத்தின் 169-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. விற்ற காசுக்குக் கணக்கு வைத்திருங்கள்.

கேள்வி: கூடலூரில் என் இடத்தில் அஸ்திவாரம் தோண்டும்போது கொத்தனாருடன் வந்த ஆள் கடப்பாரையில் ஒரு சின்னக் கலயம் தட்டுப்பட்டது, உள்ளே பழைய காசுகள். பத்திரம் என் பெயரில் இருக்கிறது, அப்புறம் என்ன?

பதில்: அப்புறம் நிறைய இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்திருந்து, 10 ரூபாய்க்கு மேல் பெறுகிற எதுவும் 1878-ஆம் வருட இந்தியப் புதையல் சட்டத்துக்குள் வரும். என்ன கிடைத்தது, எங்கே, எந்தத் தேதியில் என்று கலெக்டருக்கு எழுதிக் கொடுத்து, பொருளை அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும். அவர் அறிவிப்புப் போட்டு, உரிமை கோருகிறவர்களை நான்கு மாதத்துக்குக் குறையாமல், ஆறு மாதத்துக்கு மிகாமல் ஒரு தேதியில் வரச் சொல்வார். யாருக்கும் சொந்தமில்லை என்று முடிவானால், உங்களுக்குள் வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. பத்திரம் வைத்திருக்கும் உங்களுக்கு இது கசக்கும், ஆனால் சட்டத்தில் இருப்பது இதுதான். அந்தக் காசுகளில் உள்ள உலோகத்தின் மதிப்போடு, அதில் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்து அரசே எடுத்துக்கொள்ளவும் முடியும். மறைத்தால் கண்டெடுத்தவரின் பங்கு போவதோடு ஒரு வருடம் வரை சிறையும் உண்டு, உடந்தையாக இருக்கும் நிலத்துக்காரரையும் சட்டம் விடாது. ஆகவே அந்த ஆளிடம் ஐநூறு ரூபாயைக் கொடுத்து வாயை அடைக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் கிடைத்திருந்தால் கேரளத்துக்கென்று 1968-இல் வந்த தனிச் சட்டம் இருக்கிறது, அதைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: வாடகை பாக்கி வைத்துவிட்டுப் போனவர் பீரோவையும் பைக்கையும் எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டார். விற்றுக்கொள்ளலாமா?

பதில்: விற்காதீர்கள். அது தொலைந்த பொருள் இல்லை, விட்டுப்போன பொருள். ஆளும் யாரென்று உங்களுக்குத் தெரியும். அக்கம்பக்கத்தார் இரண்டு பேரை வைத்துப் பட்டியல் எழுதி, படம் எடுத்து, வந்து எடுத்துப் போகும்படி தேதி குறித்து அவருடைய ஊர் முகவரிக்கு ஸ்பீட் போஸ்டில், போய்ச் சேர்ந்ததற்கான சான்றும் கேட்டு, கடிதம் போடுங்கள். பாக்கி வாடகைக்குத் தனியாக வழக்குப் போடலாம். பைக் மேல் சந்தேகம் இருந்தால் நம்பரைச் சொல்லி ஸ்டேஷனில் ஒரு மனு கொடுத்துவிடுங்கள்.